36 வோல்ட் சைக்கிள் பேட்டரியை வீட்டில் கட்டுவது: தவறு எங்கே நடக்கிறது?

சாதாரண சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றும் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த மோட்டார்) கிட் இன்று எளிதாகக் கிடைக்கிறது. மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், த்ராட்டில், பிரேக் லீவர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். செலவில் பெரும்பங்கை விழுங்குவது பேட்டரிதான். செல்களை வாங்கி நாமே கட்டினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு பக்கம் தீ விபத்துச் செய்திகள். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் பற்றி எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். பழைய பேட்டரியிலிருந்து கழற்றிய செல்களால் மறுபடி கட்டிய பேக்குகளை விற்பதற்கு நியூயார்க் நகரம் 2023இல் சட்டம் போட்டே தடை விதித்தது.

அப்படியானால் கட்டலாமா, கூடாதா? கட்டலாம், ஆபத்து எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் கட்டலாம். புதிதாக இறங்குபவர்கள் கவனம் முழுவதையும் வோல்ட், ஆம்பியர் கணக்கில் செலவிடுகிறார்கள். அது அரைமணி நேர வேலை. பேக் கெடுவதும் எரிவதும் பெரும்பாலும் வேறு காரணங்களால்: உரசித் தேய்ந்த மின்காப்பு, ஆடுகிற பிடிமானம், உள்ளே புகுந்த மழைநீர், பொருந்தாத சார்ஜர்.

எஸ், பி கணக்கு

லித்தியம் அயன் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுதாக ஏறினால் 4.2, தீர்ந்தால் சுமார் 3.0. ஒரு செல்லின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்த்துக்கொண்டே போனால் வோல்ட் கூடும். இது தொடரிணைப்பு, கடைமொழியில் ‘எஸ்’. நேரோடு நேர், எதிரோடு எதிர் சேர்த்தால் வோல்ட் அப்படியே இருக்கும், கொள்ளளவு கூடும். இது பக்க இணைப்பு, ‘பி’. 10எஸ்4பி என்றால் நான்கு செல் கொண்ட பத்துக் குழுக்கள் தொடரில் நிற்கின்றன, மொத்தம் 40 செல். 250 வாட் கிட்டுக்கு இது நல்ல அளவு.

1. வோல்ட்: 10 × 3.6 = 36. முழுச் சார்ஜில் 42, தீரும்போது 30.
2. கொள்ளளவு: 3.5 ஆம்பியர்-மணி செல் நான்கு சேர்ந்தால் 14 ஆம்பியர்-மணி. 36 × 14 = சுமார் 500 வாட்-மணி.
3. மின்னோட்டம்: 250 வாட்டை 36ஆல் வகுத்தால் 7 ஆம்பியர். மேட்டில் ஏறும்போது கண்ட்ரோலர் 15 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு செல் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 3.75 ஆம்பியர். சாம்சங் 35இ தொடர்ந்து 8 ஆம்பியரும், எல்ஜி எம்ஜே1 10 ஆம்பியரும் தரவல்லவை. பாதிக்கும் குறைவான சுமையில் செல் அதிகம் சூடாகாது.
4. தூரம்: கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 முதல் 13 வாட்-மணி ஆகும். எனவே பேக்கை முழுவதும் தீர்க்காமல் பத்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தால் 35 முதல் 45 கி.மீ. த்ராட்டிலை மட்டும் நம்பினால் 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் செல்?

18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளைச் செல். நல்ல தயாரிப்பு 45 முதல் 50 கிராம் எடை இருக்கும், கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவிலேயே நின்றுவிடும். உறையில் 6,000, 9,900 என்று அச்சடித்திருந்தால் அது போலி, தராசுகூட வேண்டியதில்லை.

பழைய லேப்டாப் செல்களைச் சைக்கிளுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. கொள்ளளவை அளந்து தரம் பிரிக்கலாம். ஆனால் அந்தச் செல் எத்தனை முறை அளவுக்கு மீறித் தீர்ந்தது, எத்தனை கோடையைச் சூட்டில் கழித்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. விளக்கு எரிக்கும் பவர் பேங்குக்கு அது போதலாம். நாற்பது செல்லில் ஒன்று கெட்டாலும் மற்ற முப்பத்தொன்பதையும் இழுத்துக்கொண்டு போகும் பேக்குக்குப் போதாது.

எடை கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் இருக்கிறது. 32700 அளவில் 6 ஆம்பியர்-மணி செல்களை 12எஸ்2பியாக 24 சேர்த்தால் 38.4 வோல்ட், 460 வாட்-மணி. செல் எடை மட்டும் மூன்றரைக் கிலோவை நெருங்கும், 18650 பேக்கிலோ அது இரண்டு கிலோதான். ஆனால் வெப்பத்தைத் தாங்குவதில் இது பல படி மேல். முதல்முறை கட்டுபவருக்கு இதுவே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சார்ஜர் 43.8 வோல்ட், பிஎம்எஸ்ஸும் (செல்களின் வோல்ட்டைக் கவனித்துப் பேக்கைக் காக்கும் மின்னணுப் பலகை) இதற்கென்றே செய்தது வேண்டும்.

புதுச் செல்லும் அப்படியே சேர்க்கத் தக்கதல்ல. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வோல்ட்டைக் குறித்து, இரண்டு வாரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். 0.03 வோல்ட்டுக்கு மேல் இறங்கியது உள்ளுக்குள் கசிகிறது, ஒதுக்கிவிடலாம். ஒரே குழுவில் சேரும் செல்களின் வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். செல்லின் உள்தடை 0.03 ஓம் அளவுதான் என்பதால், 0.3 வோல்ட் வித்தியாசமுள்ள இரண்டைப் பக்க இணைப்பில் தொடவைத்தால் அந்தக் கணமே 5 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும்.

நிக்கல் பட்டையும் வெல்டும்

செல்லில் நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிரிப்புத் தாளையும் நேர்முனையின் ரப்பர் அடைப்பையும் கெடுக்கும். மின்னோட்டத்தைக் கணநேரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கில் சூடு சில மில்லி விநாடி மட்டுமே.

செல்களை ஒன்றோடொன்று இணைப்பது நிக்கல் பட்டை. 8 மி.மீ. அகலம், 0.15 மி.மீ. தடிமன் உள்ள தூய நிக்கல் பட்டை 5 ஆம்பியரைச் சூடேறாமல் கடத்தும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு ஓரத்தில் ஒரே ஒரு பட்டை போட்டால் 15 ஆம்பியரும் அதன் வழியே போக வேண்டும், அது கொதிக்கும். நான்கு செல்லுக்கும் தனித்தனியே குறுக்குப் பட்டை போட்டால் ஒன்றுக்கு 3.75 ஆம்பியர்தான். பேக்கின் இரு கடைசி முனைகளில் மின்னோட்டம் முழுவதும் ஒன்று கூடுவதால் அங்கே இரண்டு மூன்று அடுக்கு வேண்டும்.

நிக்கல் என்று சொல்லி நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையை விற்பது சாதாரணம். அதன் தடை ஏறத்தாழ இரு மடங்கு. கிரைண்டரில் தொட்டால் இரும்பு பொறி பறக்கவிடும், நிக்கல் விடாது. கிரைண்டர் இல்லையென்றால் பட்டையைக் கீறி உப்புநீரில் ஓரிரவு போட்டால் துரு காட்டிக்கொடுக்கும்.

வெல்டரின் அளவைக் கெட்டுப்போன செல்லில் சரிபார்த்த பிறகே நல்ல செல்லைத் தொட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் குறைந்தது நான்கு புள்ளி. இடுக்கியால் பட்டையை உரித்தால் பட்டை கிழிந்து, புள்ளிகள் செல்லிலேயே ஒட்டியிருக்க வேண்டும். முழுசாக உரிந்து வந்தால் வெல்டு பிடிக்கவில்லை.

காப்பு: எல்லாக் கவனமும் இங்கே

18650 செல்லின் வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை. நேர்முனை என்பது தலையில் உள்ள சிறு வட்டம் மட்டுமே. இரண்டையும் பிரிப்பது சிறு இடைவெளியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். நேர்முனையில் வெல்டு செய்த நிக்கல் பட்டையோ அந்தக் கூட்டின் விளிம்பைக் கடந்துதான் அடுத்த செல்லுக்குப் போக வேண்டும். பட்டையின் ஓரம் பிளேடு போல இருக்கும். சாலைக் குலுக்கலில் அது உறையை மெல்ல மெல்ல அறுத்து உலோகத்தைத் தொட்டுவிட்டால், அந்தக் குழுவின் நேரும் எதிரும் ஒன்றாகிவிடும். அந்த வழியில் ஃபியூஸ் கிடையாது. பிஎம்எஸ்ஸாலும் எதையும் துண்டிக்க முடியாது. நான்கு செல்லும் தங்கள் ஆற்றலைத் தங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்க்கும்.

இதைத் தடுப்பது சில ரூபாய் விலையுள்ள காகித வளையம். ஃபிஷ் பேப்பர் என்ற பெயரில், பின்பக்கம் பசையோடு வளையமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு செல்லின் நேர்முனையிலும் ஒட்ட வேண்டும். உறை கிழிந்த செல்லுக்குப் புது உறை போட்டுவிட்டுத்தான் வளையம்.

செல்களைச் சூடான பசையால் ஒட்டிக் கட்டும் முறை வேண்டாம். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் அந்தப் பசை இளகும். பிளாஸ்டிக் ஹோல்டரில் செருகினால் செல்லுக்குச் செல் 20.25 மி.மீ. மையதூரம் கிடைக்கும், உறையோடு உறை உரசாது. வெல்டு முடிந்த இரு முகங்களையும் 0.5 மி.மீ. கண்ணாடியிழைத் தகட்டால் மூட வேண்டும். மஞ்சள் நிறக் காப்டன் டேப் சூட்டைத் தாங்கும், கூர்முனையைத் தாங்காது. அதை மட்டும் நம்பிக் கட்டிய பேக்குகள் நிறைய.

வேலை செய்யும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றியிருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவர் தண்டில் டேப் சுற்றியிருக்க வேண்டும். 42 வோல்ட் ஷாக் அடிப்பது அரிது. ஆனால் 0.075 ஓம் மொத்த உள்தடையுள்ள இந்தப் பேக்கின் இரு முனையையும் ஒரு ஸ்பேனர் இணைத்தால் 500 ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

பிஎம்எஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

பிஎம்எஸ் என்பது ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் கவனித்து, 4.25ஐத் தாண்டினால் சார்ஜையும், 2.8 அளவுக்கு இறங்கினால் சுமையையும் வெட்டிவிடும் பலகை. இந்தப் பேக்குக்கு 10எஸ், 20 ஆம்பியர், வெப்ப உணரி உள்ள பிஎம்எஸ் சரி. அது சமன்செய்வது முழுச் சார்ஜை நெருங்கும்போது மட்டும், அதுவும் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் அளவில். ஒரு குழு அரை ஆம்பியர்-மணி பின்தங்கியிருந்தால் சமமாகப் பத்து மணி நேரம் பிடிக்கும். கட்டும்போதே எல்லாக் குழுவையும் ஒரே வோல்ட்டில் வைப்பது அதனால்தான்.

ஒரு குழுவுக்குள் நான்கில் ஒரு செல் கெட்டால் பிஎம்எஸ்ஸுக்குத் தெரியாது. மலிவான பலகைகள் எதிர்முனை வழியை மட்டுமே துண்டிக்கும், நேர்முனை கம்பி எப்போதும் உயிரோடு இருக்கும்.

இணைக்கும் வரிசை:

1. பேலன்ஸ் பிளக்கை (ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் பலகைக்குக் கொண்டுபோகும் மெல்லிய கம்பிகளின் பிளக்) பலகையிலிருந்து கழற்றிவிட்டு, 11 கம்பிகளையும் பேக்கின் எதிர்முனையில் தொடங்கி வரிசையாகப் பற்றவைக்கவும். நிக்கல் பட்டையின் செல்லில்லாத பகுதியில் பற்றவைத்தால் சூடு செல்லுக்குப் போகாது.
2. பிளக்கின் அடுத்தடுத்த துளைகளில் மல்டிமீட்டரால் அளக்கவும். ஒவ்வொரு இடைவெளியும் 3.5 வோல்ட் அளவில் சமமாகக் காட்ட வேண்டும். ஒன்று பூஜ்யமோ ஏழோ காட்டினால் கம்பி மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் பலகை கருகும்.
3. முதலில் பேக்கின் எதிர்முனையைப் பலகையோடு தடித்த கம்பியால் இணைத்து, அதன் பிறகே பிளக்கைச் செருகவும்.

பேலன்ஸ் கம்பிகள் மெல்லியவை, ஃபியூஸ் இல்லாதவை, வெவ்வேறு வோல்ட்டில் இருப்பவை. இரண்டின் தோல் உரிந்து தொட்டுக்கொண்டால் சிவந்து எரியும். நிக்கல் ஓரங்களைக் குறுக்கே தாண்டவிடாமல், கண்ணாடியிழைத் தகட்டின் மேல் கொண்டுபோய், சில இடங்களில் சிலிகானால் பிடிக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் கூடாது. அதன் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஃபியூஸ், கனெக்டர், சார்ஜர்

பேக்கின் நேர்முனைக்கு ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். கார் கடையில் கிடைக்கும் சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 42 வோல்ட் நேர்மின்சாரத்தில் அது உருகிய பிறகும் வில்பொறி அணையாமல் நிற்கலாம். 58 வோல்ட் அல்லது அதற்கு மேல் எழுதியிருக்கும் ஃபியூஸ்தான் சரி. கம்பி 2.5 சதுர மி.மீ. சிலிகான் உறையுள்ளது. கனெக்டர் எக்ஸ்டி60, உலோகம் வெளியே தெரியாத பாதி பேட்டரிப் பக்கம் வர வேண்டும். செருகும்போது கண்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களால் பொறி அடிக்கும். அது பிடிக்காதவர்கள் உள்ளேயே தடை வைத்த எக்ஸ்டி90-எஸ் போடலாம்.

சார்ஜர் 42.0 வோல்ட், 2 ஆம்பியர், லித்தியம் அயனுக்கானது. ‘36 வோல்ட் சார்ஜர்’ என்று பொதுவாகக் கேட்டால் லெட்-ஆசிட் சார்ஜரை எடுத்துத் தருவார்கள். அது 44 வோல்ட் வரை ஏற்றும். ஒவ்வொரு முறையும் பிஎம்எஸ் வெட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பலகை ஒருநாள் கெட்டால் தடுக்க வேறெதுவும் இல்லை. புது சார்ஜரின் முனையை மல்டிமீட்டரில் பார்க்காமல் செருகக் கூடாது.

பெட்டியும் பிடிமானமும்

40 செல்லை 10 × 4 அடுக்கினால் 203 × 81 மி.மீ. வரும். செல்கள் சைக்கிளுக்குக் குறுக்கே படுப்பதால், பேக்கின் அகலம் என்பது செல்லின் நீளம். ஹோல்டர், தகடு, நுரை, பெட்டிச் சுவர் எல்லாம் சேர்ந்து 82 மி.மீ. ஆகும். 90ஐத் தாண்டினால் மிதிக்கும்போது முழங்கால் உரசும். செல்லை வெல்டு செய்வதற்கு முன்பே அட்டையில் ஒரு மாதிரிப் பெட்டி செய்து ஃபிரேமுக்குள் வைத்து, பெடலை முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடலாம்.

பின் கேரியர் வசதியாகத் தோன்றும் இடம், ஆனால் மோசமான இடம். பின்சக்கரத்தின் ஒவ்வொரு அடியும் நேராக அங்கேதான் ஏறுகிறது. எடை உயரத்தில் இருப்பதால் வண்டி ஆடும், விழுந்தால் முதலில் அடிபடுவதும் பேக்தான். ஹேண்டிலிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் டவுன் டியூப்பின் மேல்பக்கம், முக்கோணத்துக்குள், எல்லா வகையிலும் சிறந்தது.

அங்கே தண்ணீர் பாட்டிலுக்கான இரண்டு எம்5 துளைகள் (5 மி.மீ. திருகுக்கானவை) 64 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அவை ஒரு கிலோ பாட்டிலுக்காக வைத்தவை. பெட்டியோடு மூன்று கிலோ வரும் பேக், பள்ளத்தில் ஐந்து மடங்கு அதிர்ச்சி வாங்கினால் 15 கிலோ விசை. அதுவும் குழாயிலிருந்து நான்கைந்து செ.மீ. தள்ளி நின்று நெம்புகிறது. மெல்லிய அலுமினியக் குழாயில் அழுத்தி வைத்த அந்த நட் சில மாதத்தில் சுழல ஆரம்பிக்கும்.

1. 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன், 280 மி.மீ. நீளமுள்ள அலுமினியப் பட்டை ஒன்றை அந்த இரு எம்5 துளைகளில் பொருத்தவும். 4 முதல் 5 நியூட்டன்-மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டாம்.
2. பட்டையின் இரு கோடியையும் கிளாம்ப்பால் குழாயோடு சேர்த்துக் கட்டவும். இடையில் பழைய சைக்கிள் டியூப் ரப்பர் வைத்தால் பெயிண்ட் உரியாது, கிளாம்ப்பும் நழுவாது. சுமையைக் கிளாம்ப்கள் தாங்க, எம்5 திருகுகள் நகராமல் பிடித்தால் போதும்.
3. பெட்டியை இந்தப் பட்டையில் நான்கு இடத்தில் லாக்நட் போட்டுப் பூட்டவும். திருகின் தலை பெட்டிக்கு உள்பக்கம், வழவழப்பாக, அதன் மேல் 2 மி.மீ. காப்புத் தகடு. திருகு முனை உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது செல்லுக்குக் குறிவைத்த ஆணி.
4. பாட்டில் துளை இல்லாத பழைய இரும்பு ஃபிரேமில் மூன்று கிளாம்ப். ஃபிரேமில் டிரில் போடக் கூடாது. கார்பன் ஃபிரேமில் கிளாம்ப்பும் கூடாது.

பெட்டிக்கு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் நல்லது. 3டி பிரிண்டரில் செய்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியில் அது வளைந்துவிடும். பேக்கைச் சுற்றி மூடிய துளை நுரை வைத்து, மூடியைப் பூட்டும்போது நுரை கால்பங்கு அமுங்க வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. ஸ்ப்ரே நுரையை ஊற்றி நிரப்பினால் சூடும் வெளியேறாது, பழுது பார்க்கவும் திறக்க முடியாது.

கம்பி பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து கேபிள் கிளாண்ட் (கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் அடைப்பு) வழியே வெளியேறி, சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். காற்றுப் புகாமல் முழுக்க அடைப்பது இன்னொரு தவறு. செல் கெட்டு வாயு கக்கினால் அடைத்த பெட்டி வெடிக்கும். அடியில் 3 மி.மீ. துளை ஒன்று வேண்டும்.

முதல் சோதனை

முதல் சார்ஜை வீட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில், அருகில் இருந்து பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். முடிவில் பத்துக் குழுவின் வித்தியாசமும் 0.02 வோல்ட்டுக்குள் வர வேண்டும். அடுத்தது சுமைச் சோதனை. 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு மூன்றைத் தொடரில் கோத்தால் 5 ஆம்பியர் இழுக்கும், அப்படி இரண்டு வரிசை என்றால் 10. எரியும்போதே ஒவ்வொரு குழுவையும் அளந்தால், மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கும் குழுவில் வெல்டு சரியில்லை அல்லது செல் சரியில்லை.

சட்டமும் சார்ஜ் இடமும்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரம்புக்குள் இருக்கும் மின்சைக்கிளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. 2022 தீ விபத்துகளுக்குப் பிறகு கடுமையாக்கப்பட்ட ஏஐஎஸ்-156 பேட்டரிச் சோதனை, பதிவு பெறும் மின்வண்டிகளுக்கானது. வீட்டில் கட்டிய சைக்கிள் பேக்கை யாரும் சோதிப்பதில்லை, பொறுப்பு கட்டியவருடையது. தனக்காகக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வதும், விற்காமல் இருப்பதும் அதனால்தான் நல்லது.

லித்தியம் அயன் செல்லை 0 முதல் 45 டிகிரிக்குள் சார்ஜ் செய்ய வேண்டும். மே மாத வெயிலில் ஓட்டி வந்த பேக்கை உடனே செருகாமல் ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடலாம். படுக்கையறை, மாடிப்படிக்கு அடியில், வாசலை மறிக்கும் இடம் எதுவும் சார்ஜ் செய்ய ஏற்றதல்ல. தீப்பிடித்தால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை, அது வெளியேறும் வழியை நிரப்பிவிடும். பவுடர் தீயணைப்பான் சுடரை அடக்கும், செல்லைக் குளிர்விக்காது, மறுபடி பற்றும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101ஐ அழைக்க வேண்டும்.

முதல் 100 கி.மீ. முடிந்ததும்

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் இது. நுரையில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பேக் உள்ளே நகர்கிறது, நுரையைத் தடிமனாக்க வேண்டும். பேலன்ஸ் கம்பியின் தோல் ஓரிடத்தில் மட்டும் பளபளத்தால் அங்கே உரசல் இருக்கிறது. கிளாம்ப் திருகுகளில் பொருத்தும்போதே பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தால், கோடு விலகியது தளர்ந்ததைச் சொல்லும். ஒரே குழு ஒவ்வொரு முறையும் 0.05 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால், அதைத் தனியாகச் சார்ஜ் செய்து சமாளிக்கக் கூடாது. அந்தக் குழுவின் நான்கு செல்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றியவற்றின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கலாம், குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.